டிக்கியில் டிக் டிக்

கே: க்ரைம் படத்தின் முதல் காட்சி நம்மைக் கட்டிப்போடுவது எப்படி?

ப: இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) பாருங்கள். ஒருவன் டைம் பாமைத் திருகி, கார் டிக்கியில் வைத்துவிட்டு ஓடுகிறான். காரில் ஏறும் ஜோடிக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். கேமரா 3 நிமிடத்துக்கு மேல் கட்டே இல்லாமல் மெக்சிகோ எல்லைத் தெருவில் தொடர்கிறது. கார் நின்று நின்று நகர, நாயகனும் மனைவியும் அதையொட்டியே நடக்கிறார்கள். நடுவே வெட்டியிருந்தால் குண்டின் நேரக் கணக்கு நம் மனதில் அறுந்திருக்கும். எல்லைச் சாவடியில், "தலைக்குள்ளே டிக் டிக்குனு கேக்குது" என்பாள் காரிலிருக்கும் பெண். யாரும் காதில் வாங்குவதில்லை!

ஸ்டூடியோ இந்த முதல் காட்சியின்மேல் டைட்டிலை ஓட்டியது. கண் எழுத்துக்குப் போய்விடுகிறது. எடிட்டர் வால்டர் மர்ச் 1998-ல் மறு எடிட் செய்து டைட்டிலை நீக்கிய வடிவமே மேல்.