பலம் குறைந்த கூடைப்பந்து அணி, மன உறுதியை வைத்துத் தொடரை ஜெயிக்க முடியுமா?

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலில் 18 வயதுக்குட்பட்ட பையன்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். லீக்கில் நான்காவதாக வந்தோம். அரையிறுதியில் முதலிடத்து அணியோடு மூன்று ஆட்டத் தொடர். லீக்கில் அவர்களிடம் இரண்டு முறையும் தோற்றிருக்கிறோம். மன உறுதி இருந்தால் ஜெயிக்கலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மூன்று வாரத்தில் அதை எப்படிப் பழக்குவது?

பதில்:

ஜெயிக்க முடியும். ஆட்டத்துக்கு முன் ஆவேசமாகப் பேசி, வட்டமாக நின்று கத்த வைத்தால் மட்டும் வராது. அந்தச் சூடு முதல் மூன்று நிமிடத்தில் ஆறிவிடும். கூடைப்பந்தில் மன உறுதியைக் கண்ணால் பார்க்கலாம்: பந்தைப் பறிகொடுத்த அடுத்த நான்கு விநாடியில் உங்கள் ஐந்து பையன்களும் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று கவனியுங்கள். எது நடந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, உடம்பில் ஏற்றிவிட வேண்டும். அதற்கு மூன்று வாரம் தாராளம்.

முதலில் ஒரு கணக்கு. ஓர் ஆட்டத்தில் நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு 30 சதவீதம் என்று வையுங்கள். மூன்று ஆட்டத் தொடரை ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 22 சதவீதம். அதே 30, அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் போல ஏழு ஆட்டத் தொடரில் 13 ஆகச் சுருங்கிவிடும். தொடர் நீள நீள பலமான அணிக்குத்தான் லாபம்; உங்களுக்குக் குட்டைத் தொடர் கிடைத்திருப்பது நல்லது. 30ஐ 40 ஆக்கினால் தொடர் வாய்ப்பு 35க்கு ஏறுகிறது. அந்த 10 சதவீதத்தைத்தான் நீங்கள் மூன்று வாரத்தில் தேட வேண்டும். புதிய திறமை எதையும் இந்த அவகாசத்தில் சேர்க்க முடியாது. வீணாகப் போகும் புள்ளிகளை நிறுத்தலாம்.

பையன்களுக்குக் காட்ட ஓர் ஆட்டம் வேண்டுமென்றால் 2023இல் மயாமி ஹீட் மில்வாக்கியைச் சாய்த்த தொடரின் ஐந்தாம் ஆட்டத்தைக் காட்டுங்கள். என்.பி.ஏ. பிளேஆஃப் நம்மூரில் காலை நேரத்தில் வருவதால் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் நேரலையில் பார்த்திருக்க மாட்டார்கள். மயாமி அந்தப் பருவத்தில் 44 வெற்றி, 38 தோல்வி. பிளே-இன் என்ற தகுதி ஆட்டங்கள் வழியாக எட்டாவது அணியாக நுழைந்தது. மில்வாக்கி 58 ஆட்டம் ஜெயித்த அணி. தொடர் மயாமிக்கு 4-1. மில்வாக்கியின் நட்சத்திரம் யானிஸ் முதல் ஆட்டத்திலேயே முதுகில் அடிபட்டு அடுத்த இரண்டு ஆட்டத்துக்கு வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மயாமியிலும் டைலர் ஹீரோவுக்கு முதல் ஆட்டத்திலேயே கை முறிந்தது. நான்காம் ஆட்டத்திலேயே யானிஸ் திரும்பிவிட்டார். ஐந்தாம் ஆட்டம் மில்வாக்கியின் சொந்த அரங்கில். நான்காம் கால்பகுதி தொடங்கும்போது மயாமி 16 புள்ளி பின்னால்.

அந்த 12 நிமிடத்தை மட்டும் ஓட விடுங்கள். 16 புள்ளியை ஒரே அடியில் பிடிக்க யாரும் அவசரப்படவில்லை. கணக்குப் போட்டால் மூன்று நிமிடத்துக்கு 4 புள்ளி குறைத்தால் போதும். அரை விநாடி மிச்சமிருக்கும்போது மயாமியின் ஜிம்மி பட்லர் சமன் செய்தார், டைம்-அவுட் கையில் இருந்தும் மில்வாக்கி அதைக் கேட்காமலே ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது, மயாமி 128-126. அன்று யானிஸ் 23 ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா வீச்சு) 10 மட்டுமே போட்டார். இரண்டு புள்ளியில் முடிந்த ஆட்டம் அது. இதைப் பார்த்த பிறகு ஃப்ரீ த்ரோ பயிற்சிக்கு யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

இனி திடலுக்கு வருவோம். பலம் குறைந்த அணியில் மனம் உடையும்போது முதலில் சரிவது கூடை போடுவதல்ல, திரும்பி ஓடுவதுதான். ஷாட் தவறுகிறது, பையன் தலையில் கை வைக்கிறான், அல்லது இரண்டு கையையும் விரித்து ரெஃபரியைப் பார்க்கிறான். இரண்டு விநாடி போச்சு. அந்த நேரத்துக்குள் எதிரணியின் வேகமான பையன் நடுக்கோட்டைத் தாண்டிவிடுகிறான். நான்கு பேர் ஐந்து பேரைத் தடுக்க வேண்டியிருக்கிறது. இப்படி மூன்று முறை நடந்தால் 6 புள்ளி. அந்த 6 புள்ளியைப் பார்த்து மற்ற நால்வரும் சோர்ந்துபோகிறார்கள்.

இதற்கான பயிற்சி எளிது. ஐவருக்கு ஐவர் ஆட விடுங்கள். தாக்குதல் நடுவில் எந்த நேரத்திலும் விசில் ஊதிப் பந்தை எதிர்ப்பக்கம் கொடுத்துவிடுங்கள். ஐவரும் 4 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டித் திரும்ப வேண்டும். ஒருவன் பிந்தினாலும் எதிர்ப்பக்கத்துக்கு 1 புள்ளி. பந்தை விட்டவனே முதலில் கூப்பிட வேண்டும்: "பாலிக்! பாலிக்!" (மலாயில் 'திரும்பு'). செந்தூல் அணியில் தமிழ், சீன, மலாய்ப் பையன்கள் கலந்துதான் இருப்பார்கள். எல்லார் வாயிலும் ஏற்கெனவே புழங்கும் ஒரே சொல்லாக இருந்தால் சத்தத்திலும் காதில் விழும். தவறு செய்தவன் வாய் திறந்துவிட்டால் தலை குனிய அவனுக்கு நேரம் இருக்காது. ஒரு பயிற்சிக்கு 10 நிமிடம் போதும். யாராவது ஓர் அப்பாவைக் கைப்பேசியில் மேலிருந்து படமெடுக்கச் சொல்லுங்கள். எத்தனை முறை யார் நின்று பார்த்தான் என்று எண்ணி எழுதுங்கள். வாரா வாரம் அந்த எண் குறைய வேண்டும்.

ஃப்ரீ த்ரோ. பயிற்சி முடிவில் வரிசையாக 50 போடுவதால் ஆட்டத்தில் பலனில்லை, ஏனென்றால் ஆட்டத்தில் யாரும் 50 போடுவதில்லை. மூச்சு வாங்கும்போது இரண்டு, அவ்வளவுதான். 28 மீட்டர் திடலை இரண்டு முறை ஓடிவந்து 2 போடட்டும். பிறகு ஆட்டத்துக்குத் திரும்பட்டும். ஒரு பயிற்சியில் ஆளுக்கு இப்படி 10 ஜோடி. ஃபீபா (உலகக் கூடைப்பந்து அமைப்பு) விதிப்படி ரெஃபரி பந்தைக் கொடுத்ததிலிருந்து 5 விநாடி. அதற்குள் அடங்கும் ஒரே வரிசையை ஒவ்வொருவனும் பிடித்துக்கொள்ள வேண்டும்: இரண்டு தட்டு, ஒரு மூச்சை முழுதாக வெளியே விடுவது, வளையத்தில் ஓர் இடத்தில் கண், பிறகு ஷாட். கடைசி நிமிடத்தில் பையன்கள் இந்த வரிசையை மெதுவாக்குவார்கள். நான்கு தட்டு தட்டுவார்கள், முழங்கையைச் சரிபார்ப்பார்கள். தானாக ஓடும் வேலையை யோசித்துச் செய்யத் தொடங்கினால் கை இறுகும், பந்து முன்வளையத்தில் இடிக்கும். அதனால் தட்டு எண்ணிக்கையை மட்டும் கண்காணியுங்கள். பந்து விழுந்ததா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தவறினால் எல்லாரும் ஓட வேண்டும் என்ற தண்டனை எனக்குப் பிடிக்காது. கோட்டில் நிற்பவனுக்கு நண்பர்கள் மேல் பயம் வரும், வளையத்தின் மேல் கவனம் போய்விடும்.

திட்டம் இல்லாமல் உறுதி மட்டும் இருந்தால் எதைப் பிடித்துக்கொண்டு உறுதியாக நிற்பது? பலமான அணியை எதிர்க்கும்போது தாக்குதல் எண்ணிக்கை குறைவது உங்களுக்கு நல்லது. ஒரு தாக்குதலுக்குக் கிடைக்கும் 24 விநாடியில் முதல் 10 விநாடி பந்தை நகர்த்துங்கள், 12ஆவது விநாடியிலிருந்து கூடைக்கு வழி தேடுங்கள். தடுப்பாட்டத்தில் அவர்களுடைய மோசமான வெளி ஷூட்டர் ஒருவனைத் திறந்து விட்டுவிட்டு, அவனைக் காக்க வேண்டிய உங்கள் ஆளை வைத்து உள்ளே அடையுங்கள். இங்கேதான் உண்மையான சோதனை வருகிறது. திறந்து விட்டவன் மூன்று புள்ளி ஷாட் இரண்டை அடுத்தடுத்துப் போட்டுவிடுவான். அவர்களுடைய பெஞ்ச் எழுந்து கத்தும், உங்கள் பையன்கள் உங்களைப் பார்ப்பார்கள். நான்கில் ஒன்று போடுபவன்கூடத் தொடர்ந்து இரண்டு போடும் வாய்ப்பு 16இல் ஒன்று, அது நடக்கக்கூடியதுதான். அப்போது பயந்து அவனைக் காக்க ஓடினால் உள்ளே வாசல் திறந்துவிடும், அவர்களுடைய உயரமான ஆளுக்கு அதுதான் வேண்டும். எனவே முதல் ஆட்டத்துக்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுங்கள்: "அவன் ஒரு பாதியில் நான்கு போட்டால் மாற்றுவோம், அதுவரை இல்லை." எண் தெரிந்திருந்தால் இரண்டாவது விழும்போது யாரும் பதற மாட்டார்கள்.

பதறுவது பெரிய அணிக்கும் நடக்கும். என்.பி.ஏ.யில் 2007இல் 67 ஆட்டம் ஜெயித்த டல்லஸ், எட்டாம் இடத்து கோல்டன் ஸ்டேட்டைச் சந்தித்தது. அந்தப் பருவத்தில் மூன்று முறையும் அவர்களிடம் தோற்றிருந்த டல்லஸ், முதல் ஆட்டத்திலேயே தன் தொடக்க ஐவரை மாற்றி, எதிரணியின் குட்டையான, வேகமான அமைப்புக்குத் தன்னைப் பொருத்திக்கொண்டது. தன் உயரத்தைத் தானே விட்டுக்கொடுத்தது, தொடர் 2-4. நீங்கள் முதல் ஆட்டத்தில் நெருக்கமாக ஆடினாலே போதும், எதிரணிப் பயிற்சியாளர் எதையாவது மாற்றத் தொடங்குவார்.

டைம்-அவுட் பற்றிப் பலர் சரியாகக் கணக்குப் போடுவதில்லை. ஃபீபா விதியில் முதல் பாதிக்கு 2, இரண்டாம் பாதிக்கு 3. ஆனால் நான்காம் கால்பகுதியின் கடைசி 2 நிமிடத்தில் 2தான் பயன்படுத்த முடியும். அதற்குள் ஒன்றைக்கூட எடுக்கவில்லை என்றால் ஒன்று வீண். எதிரணி தொடர்ந்து 6 புள்ளி போட்டு, அதில் இரண்டு கூடை வேகத் தாக்குதலில் வந்திருந்தால் உடனே கேளுங்கள். 10 புள்ளி ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த ஒரு நிமிடத்தில் முதல் 15 விநாடி யாரும் பேசக்கூடாது, நீங்களும்தான். உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும். பிறகு தடுப்புக்கு ஒரு வார்த்தை, தாக்குதலுக்கு ஒரு வார்த்தை. கடைசியில் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்ட் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவனால் திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் அதிகம் பேசிவிட்டீர்கள்.

ரெஃபரி விஷயத்தையும் பழக்க வேண்டும். வாரம் ஒரு முறை உதவிப் பயிற்சியாளரை வேண்டுமென்றே தப்பாக விசில் ஊதச் சொல்லுங்கள். பேசும் உரிமை கேப்டனுக்கு மட்டும். வாயாடி வாங்கும் டெக்னிக்கல் ஃபவுல் ஒரு ஃப்ரீ த்ரோவை இனாமாகக் கொடுப்பதோடு, அணியின் ஃபவுல் கணக்கிலும் ஏறும். ஒரு கால்பகுதியில் ஐந்தாவதிலிருந்து சாதாரண ஃபவுலுக்கும் எதிரணிக்கு 2 ஃப்ரீ த்ரோ.

ஒரு தவறுக்காகப் பையனை வெளியே இழுக்காதீர்கள். இழுத்தால் அடுத்த ஆட்டத்தில் எல்லாரும் ஒரு கண்ணை பெஞ்ச் மேல் வைத்துத்தான் ஆடுவார்கள். இரண்டு தாக்குதல் விட்டுப் பாருங்கள், திரும்பி ஓடவில்லை என்றால் மட்டும் மாற்றுங்கள். கூரை மட்டும் போட்ட திடல் என்றால் புழுக்கத்தில் மூன்றாம் கால்பகுதியில் எரிச்சல் வரும். பாதி சண்டை தாகத்தால்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாலு மடக்கு தண்ணீர் கட்டாயம்.

முதல் ஆட்டத்தில் 20 புள்ளியில் தோற்றாலும் தொடரில் அது ஒன்றுதான். 1994இல் என்.பி.ஏ.யில் டென்வர் சியாட்டிலிடம் முதல் இரண்டிலும் தோற்று, ஐந்து ஆட்டத் தொடரை 3-2 என்று எடுத்தது. கடைசி இரண்டும் கூடுதல் நேரத்தில் ஜெயித்தவை. தோற்ற இரவு பையன்களைக் கூட்டி வைத்துப் பேசாதீர்கள், சாப்பிட்டுத் தூங்கட்டும். மறுநாள் 20 நிமிடம், 6 துண்டுக் காட்சி: சரியாகச் செய்தது மூன்று, திருத்த வேண்டியது மூன்று. மாற்றுவது அதிகம் போனால் இரண்டு விஷயம். ஐந்தை மாற்றினால், நம் திட்டமே தப்பு என்றுதான் பையன்கள் எடுத்துக்கொள்வார்கள். அதே 2023இல் மயாமி, பாஸ்டனுக்கு எதிராக 3-0 என்று முன்னே போய், மூன்றை வரிசையாக விட்டது, ஆறாவதை 0.1 விநாடி இருக்கும்போது கையை விட்ட பந்தில் இழந்தது. இரண்டு நாள் கழித்து பாஸ்டனிலேயே 103-84. பாஸ்டனின் டேட்டமுக்கு முதல் தாக்குதலிலேயே கணுக்கால் பிசகியது உதவியதுதான். ஆனாலும் அப்படித் தோற்ற அணி, வழக்கமான ஆட்டத்தோடு வந்து நின்றிருக்காவிட்டால் அந்த உதவியும் வீணாகியிருக்கும்.

மூன்றாவது ஆட்டம் வந்தால் தொடக்க ஐவர், வார்ம்-அப் நேரம், சட்டை மாற்றும் இடம்வரை எதையும் மாற்றாதீர்கள். கடைசி 2 நிமிடத்துக்கு மட்டும் ஓர் அட்டை எழுதி வையுங்கள்: 3 புள்ளி முன்னால் இருந்தால் யார் பந்தைக் கையில் வைத்திருப்பது, 3 பின்னால் இருந்தால் யாரை ஃபவுல் செய்வது, சமமாக இருந்தால் கடைசி ஷாட் யாருக்கு, அவன் ஐந்து ஃபவுலில் வெளியேறியிருந்தால் அடுத்தவன் யார். இந்த நான்கையும் மூன்றாம் வாரப் பயிற்சிகளில் ஸ்கோர்போர்டில் போட்டு, நாளுக்கு மூன்று முறை ஆட வையுங்கள். உங்கள் அணிக்கு ஏற்கெனவே 4 ஃபவுல், ஒரே ஒரு டைம்-அவுட் மிச்சம் என்று வைத்து.