ஒரு புயல் போன வழியிலேயே அடுத்த புயல் வந்தால் ஏன் பிசுபிசுத்துப் போகிறது?

கேள்வி இதுதான்: கடல் சூடாக இருந்தால் புயல் வலுக்கும் என்கிறார்கள், அப்படியானால் சில நாள் இடைவெளியில் வரும் இரண்டாவது புயலும் முதலாவதைப் போலவே வலுக்க வேண்டாமா?

எல்லா முறையும் இரண்டாவது புயல் பிசுபிசுப்பதில்லை. ஆனால் 2013 நவம்பரில் அப்படித்தான் ஆனது. 22ஆம் தேதி ஹெலன் புயல் ஆந்திராவின் மசூலிப்பட்டினத்துக்குத் தெற்கே கரையைக் கடந்தது. அடுத்த நாளே அந்தமான் பக்கம் லெஹர் புயல் கிளம்பியது. மிகத் தீவிரப் புயலாகி அதே கரையைப் பார்த்து வந்தது. கரையோர ஊர்களில் ஆட்களை அப்புறப்படுத்தினார்கள். 28ஆம் தேதி பகலில் மசூலிப்பட்டினம் பக்கம் கரையேறியபோது அது வெறும் தாழ்வு மண்டலம். வறண்ட காற்று உள்ளே புகுந்தது, மேல்மட்டக் காற்று புயலின் தலையைச் சாய்த்தது. இவற்றோடு சேர்ந்த மூன்றாவது காரணம், ஆந்திரக் கரையை ஒட்டிய கடலில் வெப்பச் சரக்கு குறைவாக இருந்தது.

புயல் உருவாக மேற்பரப்பு நீர் சுமார் 26.5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்று பள்ளிப் பாடத்திலேயே வரும். அந்த எண் மட்டும் போதாது, சூடான நீர் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்பதே முக்கியம். வங்கக் கடலில் மேலே 29 டிகிரி இருக்கும். 100 மீட்டர் இறங்கினால் பெரும்பாலும் 25க்கும் கீழே போய்விடும். புயல் காற்று மேற்பரப்பைப் பிடித்து இழுக்கும்போது மேல்நீர் ஓடுகிறது, அடிநீர் அப்படியே நிற்கிறது. அந்த உரசலில் இரண்டும் கலந்துவிடும். வெந்நீரை விளாவுவது போலத்தான். போதாததற்கு, புயலின் மையத்தில் நீர் நாலா பக்கமும் விலகுவதால் அடியிலிருந்து குளிர்நீர் மேலே ஏறும்.

கடல் குளிர்வதற்குக் காரணம் புயல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பங்கு சிறிது. பெரும்பங்கு இந்தக் கலக்கலுக்குத்தான். ஒரு புயல் போன பிறகு செயற்கைக்கோள் வெப்பநிலைப் படத்தைப் பாருங்கள், சிவப்புக் கடலின் நடுவே அதன் பாதை நீலமாகக் கிடக்கும். அந்த நீலம் பாதையின் நடுவில் இருக்காது, நம் அரைக்கோளத்தில் புயல் போகும் திசைக்கு வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். புயல் கடக்கும்போது அந்தப் பக்கத்தில் காற்று வலஞ்சுழியாகத் திசை மாறுகிறது. புவிச்சுழற்சியால் நீரோட்டமும் அதே பக்கம் திரும்புகிறது. இரண்டும் ஒத்துப்போவதால் கலக்கல் அங்கேதான் அதிகம். இந்தக் குளிர்ச்சி மறைய ஓரிரு வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் அதே வழியில் வரும் அடுத்த புயலுக்குத் தேவையான சூடு கிடைப்பதில்லை.

வேகமும் முக்கியம். விரைந்து போகும் புயல், நீர் குளிர்வதற்குள் தாண்டிப் போய்விடும். கடல் நடுவே நகராமல் நிற்கும் புயல், தான் குளிரவைத்த நீரிலேயே மாட்டிக்கொள்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் வங்கக் கடலின் வடபகுதிதான். தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி வெள்ளமெல்லாம் அங்கே வந்து சேர்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பது வழக்கம். அங்கே மேற்பரப்பில் அது 30க்கும் கீழே இறங்கிவிடும். உப்புக் குறைந்த நீர் லேசானது, மேலேயே மிதக்கும். காற்று எவ்வளவு அடித்தாலும் கீழேயுள்ள கனத்த நீரோடு எளிதில் கலக்காது. குளிர்காலம் நெருங்கும்போது அதன் அடியில் மேற்பரப்பைவிடச் சூடான நீர்கூட இருப்பதுண்டு! அதனால் மே மாதப் புயல் அந்தப் பகுதியை 2, 3 டிகிரி குளிரவைக்கிறது என்றால், அக்டோபர், நவம்பர் புயல் ஒரு டிகிரிகூடக் குளிரவைப்பதில்லை. இமயமலையிலிருந்து இறங்கிய ஆற்று நீர், ஒடிசாவை நோக்கிப் போகும் புயலுக்குச் சாதகமாகிவிடுகிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

அடுத்த முறை வங்கக் கடலில் அடுத்தடுத்து இரண்டு புயல் வந்தால், பாதைப் படத்தோடு ஹைதராபாத்தில் உள்ள தேசியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) வெளியிடும் கடல் வெப்பத் திறன் படத்தையும் பாருங்கள். 26 டிகிரிக்கு மேல் சூடான நீர் எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துத் தயாரிப்பது அது. மேற்பரப்பு வெப்பநிலைப் படம் மட்டும் பார்த்துக் கணித்தால் ஏமாந்துபோவீர்கள்.