கேமரா கேள்வி-பதில்: ஏற்காட்டுப் பனி ஏன் படத்தில் சாம்பலாகிறது?

மழைக்காலம் தொடங்கிவிட்டதால் இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் மலைப்பக்கமே இருக்கின்றன.

ஏற்காடு ஏரியில் விடிகாலைப் பனியை எடுத்தேன். கண்ணுக்குப் பால்போல் தெரிந்தது, படத்தில் அழுக்குச் சாம்பலாக வந்திருக்கிறது. கேமராவில் கோளாறா?
- வாசகர், அஸ்தம்பட்டி

கோளாறு இல்லை. எதிரே இருப்பது பனியா அடுப்புக்கரியா என்பது கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரும்படிதான் அது வெளிச்சத்தைக் கணக்கிடும். வெள்ளையைச் சாம்பலாக்காதே என்று நாம்தான் சொல்ல வேண்டும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் போட்ட வெளிச்சக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் வசதி) +0.7-இல் தொடங்குங்கள். ஃபிரேமில் முக்கால்வாசி பனி என்றால் +1.3 வரை போகலாம். பனிக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப்பார்த்ததும் +0.3-க்கு இறங்கிவிடுங்கள்.

ஹிஸ்டோகிராமில் (இடப்பக்கம் கருப்பு, வலப்பக்கம் வெள்ளை என்று படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) மேடு வலப்பக்கம் நகரும். ஓரச் சுவரில் முட்டாமல் இருந்தால் போதும். இடப்பக்கம் காலியாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். பனியில் முழுக் கருப்பு இருக்காது. கரையோரக் கிளை ஒன்றோ படகின் முனையோ முன்னால் வந்தால் மட்டுமே இருக்கும். அப்படி ஒன்றை ஃபிரேமுக்குள் கொண்டுவருவது நல்லது; அது இருந்தால்தான் பின்னால் உள்ள வெளிறல் தூரமாகத் தெரியும்.

நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் விடியலின் நீலத்தைக் குறை என்று நினைத்து அழித்துவிடும். 5200 அல்லது 5500 கெல்வினில் நிறுத்தி, ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) எடுங்கள்.

எந்த மாதம், எந்த இடம்? இரண்டு முறை போயும் ஒன்றும் தெரியாமல் திரும்பினோம்.
- வாசகி, ஓமலூர்

நீங்கள் தேடிய பனி வேறு, அங்கே இருந்த பனி வேறாக இருக்கலாம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையின்போது ஏற்காட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் மேகம். அது மலையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த நாளில் லேடீஸ் சீட்டுக்குப் போனால் கைப்பிடிக் கம்பியைத் தாண்டி வெறும் வெள்ளைதான். காப்பித் தோட்டத்துப் பக்கம் திரும்புங்கள்: பத்து, இருபது, நாற்பது அடியில் வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் ஒன்றைவிட ஒன்று வெளிறிப் போவதுதான் அன்றைக்கான படம்.

டிசம்பர் கடைசி, ஜனவரியில் வருவது இன்னொரு வகை. வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவில் தரை குளிர்ந்து, பள்ளத்தில் பனி தேங்கும். மலைமேல் நிற்கும் நமக்கு அது காலுக்குக் கீழே கிடக்கும். இதற்குப் பகோடா பாயின்ட் போங்கள். கிழக்குப் பார்த்த இடம், சூரியன் நேரெதிரே வரும். ஆறரை மணியை ஒட்டித்தான் உதயம் என்றாலும் அரை மணி நேரம் முன்னதாக நின்றுவிடுங்கள். சூரியன் ஏறியதும் பனி கலையத் தொடங்கிவிடும். லேடீஸ் சீட் தென்மேற்குப் பக்கம், சேலத்தைப் பார்த்தது. மாலை ஒளிக்கும், சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து ஊர் விளக்குகளுக்கும் ஏற்றது.

இரண்டுக்கும் வைட் ஆங்கிள் லென்ஸைவிட தூரத்தை நெருக்கிக் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸ் உதவும். அடுக்கடுக்கான மலைமடிப்புகளை நெருக்கிக் காட்டுவது அதுதான்.

பனியில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது.
- வாசகர், ஆத்தூர்

பிடித்துக்கொள்ள விளிம்பு இல்லாததால் அலைகிறது. நீங்கள் எடுக்கவிருக்கும் தூரத்திலேயே ஒரு மரத்தண்டின் ஓரத்தில் ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் முடிவிலி என்று நினைக்க வேண்டாம். இன்றைய லென்ஸ்கள் பல அதையும் தாண்டித் திரும்பும். லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். லென்ஸின் திறப்பு அளவு எஃப் 8 போதும்; எண் கூடக்கூடத் திறப்பு சிறிதாகும். எஃப் 16, 22 என்று போனால் கூர்மை குறையும், சென்சாரில் ஒட்டிய தூசி ஒவ்வொன்றும் பனியின் மேல் கரும்புள்ளியாக உட்காரும்.

கையில் செல்போன் மட்டும்தான். வழி உண்டா?
- கல்லூரி மாணவி, சங்ககிரி

உண்டு. ஹெச்டிஆரை (வெளிச்சத்தையும் நிழலையும் தானாகச் சமன்செய்யும் வசதி) அணைக்க முடிந்தால் அணையுங்கள். பனியைக் குறையாக நினைத்துத் துடைத்தெடுப்பது அதுதான். மரத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்று மேலே இழுங்கள். படத்தை நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் சுருக்கப்பட்டுப் பனி கட்டம் கட்டமாகத் தெரியும்.

கிளியூர் அருவியைப் பட்டுப்போல் எடுக்க எத்தனை நொடி? என்டி ஃபில்டர் அவசியமா?
- வாசகர், அம்மாபேட்டை

முதலில் தண்ணீர் வேண்டும். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர் இறங்கும் அருவி அது. கோடையில் போனால் பாறையைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். படிகள் வழுக்கும், டிரைபாடை ஊன்றுகோலாக்காதீர்கள்.

மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 8 வைத்தால் உத்தேசமாக 1/15 நொடி வரும் என்று கொள்ளுங்கள். என்டி என்பது ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி; ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும். 3 ஸ்டாப் என்டி போட்டால் எட்டு மடங்கு நேரம், அதாவது அரை நொடி. அருவிக்கு அரை முதல் ஒரு நொடி சரியான அளவு, நீரின் இழைகள் தெரியும். 6 ஸ்டாப் போட்டால் 4 நொடியைத் தாண்டும். அது பட்டு அல்ல, பஞ்சு. ஒரே ஒரு ஃபில்டர் வாங்கப் பணம் இருந்தால் போலரைசர் வாங்குங்கள். ஈரப் பாறையிலும் இலையிலும் உள்ள பளபளப்பை நீக்கிப் பச்சையைத் திரும்பக் கொடுக்கும், கூடவே ஒன்றரை ஸ்டாப் ஒளியையும் குறைக்கும். எடிட்டிங்கில் இதைச் செய்ய முடியாது. சாரல் தெறித்துவிட்டதா என்று ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் லென்ஸைப் பாருங்கள்.

லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் மங்கலை நீக்கும் டீஹேஸ் போட்டதும் படம் ‘பளிச்’ ஆகிறது. ஆனால் வானத்தில் வரிவரியாக வருகிறது, ஏன்?
- வாசகர், மேட்டூர்

பனிக்காக மலையேறிப் போய், வீட்டுக்கு வந்து பனியை எடுத்துவிட்டீர்களே!

காரணம் இதுதான். ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். பனி அதில் ஒரு சின்னப் பகுதிக்குள், 60 அல்லது 80 படிகளுக்குள் அடங்கியிருக்கும். டீஹேஸ் அதைப் பிடித்து முழு நீளத்துக்கு இழுக்கிறது. படிகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது, அதுதான் வரி. 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள் இருப்பதால் இழுவையைத் தாங்கும். ஃபோட்டோஷாப்புக்குப் போவதானால் 16 பிட்டில் போங்கள், ஜேபெக்காக மாற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும். அப்படியும் மெல்லிய வரி தெரிந்தால் கிரெய்னை (செயற்கைப் புள்ளித் துகள்) 10 அளவில் சேர்த்தால் மறையும்.

டீஹேஸைப் படம் முழுக்கப் போடாமல், வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் மாஸ்க் வைத்து முன்னால் உள்ள மரம், கரை, பாறைக்கு மட்டும் +10 கொடுங்கள். பின்னால் உள்ள மலைக்கு -5 கூடக் கொடுத்துப் பார்க்கலாம். விளிம்புகளை அழுத்திக் காட்டும் கிளாரிட்டியைப் பனியின் மேல் தொடவே வேண்டாம். விளிம்புகளைச் சுற்றி ஒளிவட்டம் கட்டும். ஏரிப் படத்தில் இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது: கீழ்ப்பாதியை வெளிச்சமாக்குகிறேன் என்று பிம்பத்தை வானத்தைவிடப் பிரகாசமாக்கிவிடுகிறார்கள். தண்ணீர் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டுத்தான் திருப்பித் தரும். பிம்பம் ஒரு படி மங்கலாகவே இருக்கட்டும்.

மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கிக் கேமராவை எடுத்தால் லென்ஸ் வியர்க்கிறது. அரிசி டப்பாவில் போட்டு வைக்கலாமா?
- வாசகி, குகை

வேண்டாம், அரிசிமாவும் தூசியும் உள்ளே போகும். குளிர்ந்த கேமரா மேல் வெப்பமான ஈரக் காற்று படும்போது வியர்க்கும். ஏசி காரிலிருந்து இறங்கும்போதும் இதே கதைதான். மேலே இருக்கும்போதே ஜிப் உள்ள பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, கீழே வந்து அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். வியர்த்துவிட்டால் துடைக்காமல், லென்ஸைக் கழற்றாமல் தானாக உலர விடுங்கள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் பொட்டலத்தை மட்டும் நம்பாமல், காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரமானியும் ஒன்று போடுங்கள்: 40 முதல் 50 சதவீதம் சரியான அளவு, 60-ஐத் தாண்டினால் பூஞ்சை வரும். நீல ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் வெறும் வாணலியில் சிறு தீயில் வறுங்கள், நீலம் திரும்பிவிடும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.