புள்ளடி காகிதத்திலேயே இருக்கட்டும்

அன்பின் டீச்சர்,

நான் பொகவந்தலாவையைச் சேர்ந்தவன். கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கி, ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறேன். வாக்கு ஊரில்தான் இருக்கிறது. 2024 இல் ஜனாதிபதித் தேர்தலுக்கும் பாராளுமன்றத் தேர்தலுக்கும் இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வாக்களித்துவிட்டு வந்தேன். என் அறையில் இன்னும் இருவர் இருக்கிறார்கள், புறக்கோட்டையில் கடையில் நிற்பவர்கள். அவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை. போகவில்லை.

எனக்கு இரண்டு ஆசைகள். விருப்பு வாக்குக்காக ஒரே கட்சி வேட்பாளர்களே மோதிக்கொள்ளும் சண்டை ஒழிந்து, தொகுதிக்கு ஓர் ஆள் என்று, நாங்கள் நேரே போய்க் கேள்வி கேட்கக்கூடிய எம்.பி. வர வேண்டும். அடுத்தது, வாக்களிக்கும் இயந்திரத்தை எங்கள் நாட்டுப் பொறியியலாளர்களே செய்ய வேண்டும். இந்தியா செய்கிறது. நாங்கள் ஏன் செய்யக்கூடாது? ஊருலகத்துக்கெல்லாம் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம், சொந்தத் தேர்தலுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. அது மனதை அரிக்கிறது. நீங்கள் தேர்தல் கடமை செய்தவர். உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்.

க., கொட்டாஞ்சேனை

அன்பின் தம்பி க.,

உங்கள் அறை நண்பர்கள் இருவரைப் பற்றிச் சில சொற்களில் சொல்லிவிட்டு நீங்கள் கடந்துபோய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஆனாலும் நீங்கள் கேட்டது இயந்திரத்தைப் பற்றி, அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

இயந்திரம் வேண்டாம் என்பது என் முடிவு. உங்கள் கைத்திறனில் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. வாக்கெண்ணும் மேசையில் ஓர் இரவு முழுக்க இருந்தவள் என்பதால் சொல்கிறேன்.

பெட்டியின் முத்திரையைக் கட்சிகளின் முகவர்கள் பார்த்து, இலக்கத்தை ஒத்துப்பார்த்த பிறகுதான் உடைப்போம். மேசையில் கவிழ்த்ததும் மடித்த சீட்டுகள் சரிந்து விழும். ஒவ்வொன்றாக விரித்துச் சின்னம் வாரியாகப் பிரித்து, ஐம்பது ஐம்பதாக எண்ணி இறப்பர் வளையம் போடுவோம். அன்றிரவு ஒரு சீட்டில் தகராறு வந்தது. புள்ளடியின் ஒரு கால் பக்கத்துச் சின்னத்தின் கட்டத்துக்குள் நீண்டிருந்தது. கை நடுங்குகிற யாரோ போட்டது. மூன்று முகவர்கள் தலையை நுழைத்தார்கள், குரல் உயர்ந்தது. பொறுப்பான அலுவலர் சீட்டை விளக்குக்கு நேரே பிடித்தார். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டுகிற இடம் எந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது என்று பேனை முனையால் தொட்டுக் காட்டினார். அந்த வாக்கை இழந்த கட்சியின் முகவர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு "சரி, அது அவங்கடதான்" என்றார். அவர் அதிகம் படித்தவர் அல்லர், சந்தையில் மரக்கறி விற்பவர் என்று தேநீர் குடிக்கும்போது சொன்னார். அவருக்கு விளங்காத எதுவும் அந்த மேசையில் நடக்கவில்லை.

ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 இல் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். நிபுணத்துவ அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் எண்ணிக்கையின் முக்கிய கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று சொல்லி, அங்கே பயன்பட்ட இயந்திரங்களை ஏற்க மறுத்தது. அயர்லாந்து பெருந்தொகை கொடுத்து வாங்கிய இயந்திரங்களை நாடு முழுவதும் ஒருமுறைகூடப் பயன்படுத்தாமலே 2012 இல் கழித்துக்கட்டியது. இந்தியாவும் இயந்திரத்தின் பக்கத்தில் இப்போது ஒரு காகிதச் சீட்டை வைத்திருக்கிறது. வாக்காளர் அதை 7 விநாடிகள் கண்ணாடி வழியே பார்க்கலாம். அவ்வளவு பெரிய தேசத்துக்கு இயந்திரம் தேவைப்படலாம். எங்களிடம் 2024 இல் இருந்தது 1 கோடியே 71 லட்சம் வாக்காளர். ஜனாதிபதித் தேர்தலில் 39 பெயர் கொண்ட சீட்டில் செப்டெம்பர் 21 ஆம் திகதி வாக்கெடுத்து, யாருக்கும் 50 வீதம் கிடைக்காததால் வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாம் விருப்பையும் எண்ணி, மறுநாள் மாலைக்குள் முடிவைச் சொன்னார்கள். எல்லாம் காகிதத்தில்.

எண்ணும் மேசைக்கு வந்துசேர்ந்த வாக்கு தொலைவதில்லை, தம்பி. அதற்கு முன்னால்தான் தொலைகிறது.

உங்கள் நண்பர்களின் கதைக்கு வருகிறேன். தனியார் துறையில் வேலை செய்பவர்களுக்கும் வாக்களிக்கச் சம்பளத்தோடு லீவு உண்டு. வாக்கெடுப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். எழுத்தில் கேட்க வேண்டும். ஆனால் கடையில் நிற்கிற பிள்ளை முதலாளியிடம் கடிதம் நீட்டுவானா? நீட்டினால் அடுத்த மாதம் அந்த இடத்தில் அவன் இருப்பானா? கொழும்பில் எத்தனை கடைகளின் பின்னறைகளில், எத்தனை வீடுகளின் சமையலறைகளில் மலையகத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கு என்னைவிடத் தெரியும். தபால் மூல வாக்கு அவர்களுக்கு இல்லை, அது பெரும்பாலும் அரசாங்க ஊழியருக்கும் படையினருக்கும் பொலிஸாருக்கும் உரியது. மத்திய கிழக்கில் உழைத்து இந்த நாட்டுக்கு டொலர் அனுப்புகிறவர்களுக்கும் அங்கிருந்து வாக்களிக்க வழியில்லை. தேர்தலுக்கு ஒரு கிழமைக்கு முன், கொழும்பிலேயே ஒரு மண்டபத்தில், உங்கள் நுவரெலியா மாவட்டச் சீட்டை வைத்து முன்கூட்டி வாக்களிக்க விட்டால் என்ன? அதற்கு யார் எந்த மாவட்டம், ஏற்கெனவே வாக்களித்தாரா என்பதை உடனே ஒத்துப்பார்க்க ஒரு பட்டியல் முறை வேண்டும். அதை எழுதத்தான் உங்களைப் போன்றவர்கள் வேண்டும். புள்ளடி காகிதத்தில் இருக்கட்டும், உங்கள் மென்பொருள் வாக்காளர் பெயர்ப் பட்டியலான இடாப்பில் இருக்கட்டும்.

இடாப்பு என்றதும் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு தேர்தலில் நான் வாக்கெடுப்பு நிலையத்தில் கடமையில் இருந்தேன். வயதான அம்மா ஒருவர் வந்தார். பாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், இடாப்பில் இன்னொன்று. இடாப்பில் தகப்பனின் பெயர் குடும்பப் பெயராகி, அவருடைய சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருந்தது. முகவர் ஒருவர் ஆட்சேபித்தார். அந்த அம்மா தமிழில் விளக்கினார், அவர் சொன்னது அங்கே என்னைத் தவிர யாருக்கும் விளங்கவில்லை. ஒருவழியாக வாக்களித்துவிட்டுத்தான் போனார். ஆனால் அந்தக் கால் மணி நேரம், சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, தான் தான்தான் என்று அவர் நிரூபித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற இருவர் வீட்டுக்குத் திரும்பிப் போனதையும் பார்த்தேன். நான் இல்லாத நிலையங்களில் என்ன நடந்திருக்கும்?

இது எப்படி நேர்கிறது என்று பாருங்கள். தமிழில் பாக்கியம் என்று எழுத ஒரே ஒரு 'ப' தான். அதை அழுத்தியும் சொல்லலாம், மெலிதாகவும் சொல்லலாம். சிங்களத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் வேறு வேறு எழுத்து. எழுதுகிறவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார். ஆங்கிலத்தில் இன்னொருவர் இன்னொன்றைத் தேர்கிறார். பிறப்புச் சான்றிதழ் தோட்டத்தில் ஒருவர் எழுதியது, அடையாள அட்டை வேறொருவர், இடாப்பு கிராம உத்தியோகத்தர் கொண்டுவந்த படிவத்திலிருந்து மூன்றாமவர். மூன்று தாளில் மூன்று மனுஷி. கந்தசாமி, தங்கவேல், கோகிலா எல்லோருக்கும் இதே கதிதான். எங்கள் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்பது இன்னொரு சிக்கல்.

மூன்று எழுத்திலும் எழுதப்பட்ட ஒரே பெயரை ஒரே பெயர் என்று கண்டுகொள்கிற ஒரு கருவி. இதை உலகத்தில் எந்தப் பெரிய கம்பனியும் எங்களுக்காக உட்கார்ந்து செய்யப்போவதில்லை. சிங்களமும் தமிழும் தெருவில் கேட்டு வளர்ந்தவர்கள்தான் செய்ய முடியும். டிஜிட்டல் அடையாள அட்டை வருகிறது என்கிறார்கள். இந்தப் பெயர்ச் சிக்கலைத் தீர்க்காமல் அது வந்தால், பாக்கியம் அம்மாவின் பிழை கணினியிலும் ஏறி உட்கார்ந்துவிடும்.

உள்ளூர்க் கண்டுபிடிப்பு என்றால் இப்படி எங்கள் தேவையிலிருந்து பிறப்பதைத்தான் சொல்வேன். 2004 சுனாமி வந்து சில கிழமைகளுக்குள் இங்குள்ள தொண்டர்கள் எழுதிய சஹானா மென்பொருள் காணாமற்போனவர்களையும் முகாம்களையும் கண்டறிய உதவியது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010 இல் ஹெய்ட்டிக்கும் போனது. 2022 இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்றோமே, அந்த வரிசையைக் குறைத்தது எங்கள் பிள்ளைகள் எழுதிய கியூஆர் முறை. தொடக்கத்தில் கிழமைக்கு முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். ஸ்மார்ட்போன் இல்லாதவர் காகிதத்தில் அச்சிட்டுக் கொண்டுபோனார். என் தெருவில் முச்சக்கர வண்டிக்காரர் அதை லமினேற் பண்ணிக் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்தார். நல்ல தொழில்நுட்பம் காகிதத்தோடு சண்டை போடுவதில்லை.

விமலசுரேந்திரவை நினைத்துக்கொள்கிறேன். நீர்வீழ்ச்சியிலிருந்து இந்தத் தீவுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று 1918 இல் கணக்குப் போட்டுக் காட்டிய பொறியியலாளர். காலனி அரசு இழுத்தடித்தது. சர்வசன வாக்குரிமையோடு 1931 இல் நடந்த முதல் தேர்தலில் நின்று, அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்குள் போய் அங்கே அதற்காக வாதாடினார். லக்ஷபான நீர்மின் நிலையம் 1950 இல்தான் இயங்கத் தொடங்கியது, அவர் கண்ணால் கண்டுவிட்டு 1953 இல் காலமானார். உங்கள் மலைகளில் விழுகிற தண்ணீர் தம்பி, அது. உங்கள் இரண்டு ஆசைகளும் ஒரே ஆளிடம் இருந்திருக்கின்றன.

இனி உங்கள் முதல் ஆசை. இங்கே நான் உங்களோடு முழுதாக உடன்பட முடியாது.

விருப்பு வாக்கின் கேடு எனக்கும் தெரியும். கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனம் என்றால் ஒரு கட்சி 21 பேரை நிறுத்துகிறது. அவர்கள் எதிர்க்கட்சியோடு மோதுவதைவிடத் தங்களுக்குள் மோதுவதே அதிகம். முகத்துவாரத்திலிருந்து அவிசாவளை வரை சுவரொட்டி ஒட்டப் பணம் உள்ளவரே வெல்ல முடியும். 2023 இல் வந்த தேர்தல் செலவுச் சட்டம் 21 நாட்களுக்குள் கணக்குக் கேட்கிறது, அது ஒரு தொடக்கம்.

ஆனால் தொகுதிக்கு ஓர் ஆள் என்ற பழைய முறை என்ன செய்தது என்று பாருங்கள். 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சி வென்ற சுதந்திரக் கட்சியைவிடச் சற்றுக் கூடுதலான வாக்கு எடுத்தும் 17 ஆசனத்தோடு நின்றது. 1977 இல் அதே கட்சி 51 வீதத்துக்குச் சற்றுக் குறைவான வாக்கில் 168 இல் 140 ஐ அள்ளியது. சுதந்திரக் கட்சி கிட்டத்தட்ட 30 வீதம் எடுத்து 8 பேரோடு உட்கார்ந்தது. அந்த 140 இன் பலத்தில் எழுதப்பட்டதுதான் 1978 அரசியலமைப்பு. ஒரே இடத்தில் செறிந்து வாழ்பவர்களுக்குத் தொகுதி முறை வாய்ப்பானது. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, தெமட்டகொடை, இரத்தினபுரித் தோட்டங்கள், காலித் தோட்டங்கள் என்று சிதறி வாழ்கிற தமிழர்களான நாங்கள் அதில் எங்கேயும் சிறுபான்மைதான். 1947 இல் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து 7 பேர் தெரிவானார்கள். குடியுரிமையும் வாக்கும் பறிக்கப்பட்ட பிறகு 1952 இல் ஒருவரும் இல்லை. அந்த வெறுமையை உங்கள் பாட்டன் பார்த்திருப்பார். கொழும்பு மாவட்டத்தில் மனோ கணேசன் போன்ற தமிழர்கள் வெல்ல முடிந்தது நீங்கள் வெறுக்கிற இதே விருப்பு வாக்கால்தான்.

நீங்கள் கேட்பது கேள்வி கேட்கக்கூடிய ஓர் எம்.பி. அது நியாயம். அதற்கு எங்கள் கொழும்பிலேயே ஒரு பழைய வழி இருந்தது. கொழும்பு மத்தி 3 பேரைத் தெரிவுசெய்யும் தொகுதியாக இருந்தது. வாக்காளருக்கு 3 வாக்கு, விரும்பினால் மூன்றையும் ஒருவருக்கே போடலாம். சிறிய சமூகம் கூடி ஒருவரை அனுப்ப முடிந்தது, அவர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார். மாவட்டம் என்கிற பெரிய வலையை உடைத்து, மூன்று நான்கு பேர் தெரிவாகும் சிறு தொகுதிகளாக்கி, மிச்ச ஆசனங்களைக் கட்சிகள் நாடளாவ எடுத்த வாக்கின் விகிதாசாரத்தால் நிரப்பினால் உங்கள் ஆசையும் என் பயமும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம்.

தொகுதியையும் விகிதாசாரத்தையும் சேர்க்கும் கலப்பு முறையை அவசரமாகச் செய்தால் என்ன ஆகும் என்றும் கண்டோம். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் உறுப்பினர் தொகை 8,000 ஐத் தாண்டியது. பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கியதால் 2 வீதமளவில் கிடந்த எங்கள் பங்கு 20 ஐக் கடந்தது, அதற்காக அந்தச் சட்டத்துக்கு நான் நன்றி சொல்வேன். பாராளுமன்றத்தில் 2024 இல்கூட 10 வீதத்தை எட்டவில்லை. மாகாண சபைக்கோ முறையை மாற்றுகிறோம் என்று தொடங்கி, புதிய தொகுதிகளை வகுத்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் ஆதரவாக ஒரு வாக்கும் இல்லாமல் தோற்றது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. 2014 க்குப் பிறகு தேர்தலே நடக்காமல் ஆளுநர்கள் கையில் சபைகள் கிடந்தன. ஆகவே எந்தச் சீர்திருத்தமானாலும் புதியது முழுதாகச் சட்டமாகும்வரை பழைய முறையில் உரிய நாளில் தேர்தல் நடக்க வேண்டும் என்ற ஒரு வரி அதில் இருக்க வேண்டும். நான் எதைவிட்டுக் கொடுத்தாலும் அந்த வரியை விடமாட்டேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போவீர்கள்தானே. உங்கள் லயத்தில் பத்து வீடு போய், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வாக்காளர் அட்டை மூன்றிலும் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு கொப்பியில் மூன்று நிரலாக எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும். நான் கொட்டாஞ்சேனையில் என் தெருவில் அதே வேலையைத் தொடங்குகிறேன். உங்கள் அறை நண்பர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு பின்னேரம் வாருங்கள், இரண்டு கொப்பியையும் மேசையில் வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
டீச்சர்