பெஞ்சின் கடைசி இடம்: வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கூடைப்பந்தில் ஆட்டக்காரராகவும் பிறகு பயிற்சியாளராகவும் பேர் வாங்கிய ஸ்டீவ் கெர் பற்றிப் போன மாதம் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: 'அவர் பயிற்சியாளர் ஆனது விளையாடிய நேரத்தில் அல்ல, உட்கார்ந்திருந்த நேரத்தில்.' என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஆடும்போது சிகாகோ அணியில் மைக்கேல் ஜோர்டான் பக்கத்தில் இருந்தார், சாம்பியன் மோதிரம் கிடைத்தது. பயிற்சியாளரானபோது ஸ்டெஃபன் கர்ரி கையில் இருந்தார், கோப்பை கிடைத்தது. இதில் அவர் பங்கு என்ன?

நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். கல்லூரி கூடைப்பந்து அணியில் மூன்று வருடமும் மாற்று ஆட்டக்காரனாகவே இருந்தவன். இப்போது என் அணியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "சார், என்னை இறக்கவே போறதில்ல, அப்புறம் எதுக்கு தினமும் பிராக்டிஸுக்கு வரணும்?" என்று கேட்டுவிட்டான். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடமும் பதில் இருந்ததில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. பாதி உண்மையும் அதில் இருக்கிறது. 2014இல் கெர் பொறுப்பேற்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், அதற்கு முந்தைய சீசனிலேயே 51 ஆட்டங்களை வென்ற அணி. கர்ரி, கிளே தாம்சன், டிரேமண்ட் கிரீன் மூவரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். 2019-20இல் கர்ரிக்கும் தாம்சனுக்கும் காயம், கெவின் டுரான்ட் வேறு அணிக்குப் போய்விட்டார். அந்த வருடம் அதே கெர்ரின் அணி 15 வெற்றி, 50 தோல்வி. ஆட்டக்காரர்கள் இல்லாமல் எந்தப் பயிற்சியாளரும் ஒன்றும் கிழித்துவிட முடியாது. சரி, அதை ஒப்புக்கொண்டே பேசுவோம்.

கெர் என்.பி.ஏ.வில், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில், ஆடியது 910 ஆட்டங்கள். அதில் ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐவரில் ஒருவராக இறங்கியது வெறும் 30. சராசரி ஆட்டத்துக்கு 6 புள்ளி. 1988 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 50ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், அதுவும் அதற்கு இரண்டு வருடம் முன்னால் முழங்காலை உடைத்துக்கொண்டு ஒரு முழு சீசனை இழந்தவர். ஆனால் மூன்று புள்ளி எறிதலில் அவருடைய 45.4 சதவீதம்தான் என்.பி.ஏ. வரலாற்றிலேயே உச்சம். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடம்பு ஆறி, கை விறைத்து உட்கார்ந்திருக்கும் ஆளை நடு ஆட்டத்தில் தட்டி எழுப்புகிறார்கள். எழுந்து போய் எறிகிறார், விழுகிறது. பதினைந்து வருடம் அவர் செய்த வேலை இதுதான்.

நீங்களும் பெஞ்சில் இருந்தவர், அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

2003 மே மாத இரவு ஒன்றை நான் எத்தனை முறை திரும்பப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. டல்லாஸில் மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். கெர் அப்போது சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில். வயது 37, அந்த பிளே ஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றுகள்) முழுக்க அவரை ஏறக்குறைய மறந்தே போயிருந்தார்கள். முதல் நாள் இரவு அணியின் முக்கிய ஆட்டக்காரர் டோனி பார்க்கருக்கு வயிறு கெட்டுப்போனது. ஸ்பர்ஸ் பத்துப் புள்ளிக்கு மேல் பின்தங்கிக் கிடந்தபோது பயிற்சியாளர் கிரெக் போபோவிச் பெஞ்சின் கடைசியில் இருந்தவரை எழுப்பினார். நான்கு முறை மூன்று புள்ளி வளைவுக்கு வெளியே இருந்து எறிந்தார், நான்கும் கூடைக்குள். நடுவில் ஸ்பர்ஸ் தொடர்ந்து 23 புள்ளி எடுத்தது, டல்லாஸ் ஒன்றுகூட எடுக்கவில்லை. 90-78. பெஞ்சில் இருந்தவர்கள் குதித்த குதியைப் பாருங்கள். கோப்பையே கைக்கு வந்ததுபோல் இருந்தது. அந்தச் சீசன் கோப்பையோடு கெர் ஓய்வு பெற்றார்.

எல்லோரும் சொல்வது 1997 ஃபைனல்ஸ், அதாவது லீக்கின் இறுதித் தொடர், கதை. அப்போது கெர் ஜோர்டானின் சிகாகோ அணியில். யூட்டாவுக்கு எதிரான ஆறாவது ஆட்டம், 86-86, டைம் அவுட். தன்னை இருவர் மடக்க வருவார்கள், உன்னைக் காவல் காக்கும் ஸ்டாக்டன் உன்னை விட்டுவிட்டு வருவான், தயாராக இரு என்று ஜோர்டான் சொல்கிறார். அப்படியே நடந்தது, பாஸ் வந்தது, 5 நொடி மிச்சமிருக்கும்போது கெர் போட்டார். இதைச் சொல்லும்போது ஜோர்டானின் பெருந்தன்மையைத்தான் பேசுவார்கள். எனக்கு அதற்கு இரண்டு வருடம் முந்தைய பயிற்சி முகாம் ஞாபகம் வரும். ஜோர்டான் சீண்டிக்கொண்டே இருக்க, கெர் பதிலுக்குத் தள்ள, ஜோர்டான் குத்தியதில் கெர்ரின் கண் கன்றிப்போனது. அன்றே போன் செய்து மன்னிப்பு கேட்டார் ஜோர்டான். அடங்கிப் போகாத ஆள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டதால்தான் அந்தப் பந்து 1997இல் கெர் கைக்கு வந்தது என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கர்ரி இருந்தார், சரி. ஆனால் அதே வாரியர்ஸ் அணியின் ஆந்த்ரே இகுவோடாலாவிடம் போய்ப் பேசியது யார்? 2014க்கு முன்பே ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு (லீக்கின் நட்சத்திரங்கள் மோதும் ஆட்டம்) தேர்வானவர், ஒலிம்பிக் தங்கம் வென்றவர். லீக் ஆட்டங்களில் அதுவரை ஆடிய 758இலும் முதல் ஐவரில் இறங்கியவர். அப்படிப்பட்டவரிடம் புதிதாக வந்த பயிற்சியாளர், "நீங்கள் பெஞ்சில் இருந்து வாருங்கள்" என்று சொன்னார். இகுவோடாலாவுக்கு அது லேசில் செரிக்கவில்லை. இருந்தாலும் ஏற்றுக்கொண்டார். ஒரு நாளும் பெஞ்சில் உட்காராத நட்சத்திரம் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பாரா? 880 ஆட்டங்களில் முதல் ஐவரில் இல்லாதவர் சொன்னார். பெஞ்சில் இருப்பது அவமானம் அல்ல, அதுவும் ஒரு பொறுப்பு என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

அடுத்த ஜூனில் ஃபைனல்ஸ். கிளீவ்லாண்ட் 2-1 என்று முன்னிலை. நிக் யூரென் என்ற 28 வயது உதவியாளர், உயரமான ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்துவிட்டு இகுவோடாலாவை முதலில் இறக்கலாம் என்று ராத்திரியோடு ராத்திரியாக யோசனை சொன்னார். கெர் கேட்டார். நான்காவது ஆட்டம் 103-82. கோப்பை வந்தது, ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுவோடாலாவுக்கு. லீக் சீசனில் ஒரு ஆட்டத்தில்கூட முதலில் இறங்காமல் அந்த விருதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். யோசனை யாருடையது என்று நிருபர்களிடம் கெர் பெயர் சொல்லியே சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஆட்டம் தெரியும் என்பதை அனுபவித்து அறிந்தவர் அவர்.

2018 பிப்ரவரியில் இன்னும் ஒரு படி மேலே போனார். என் குரல் கேட்டு இவர்களுக்கு அலுத்துவிட்டது என்று சொல்லி, ஃபீனிக்ஸ் சன்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் டைம் அவுட்களை ஆட்டக்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். எழுதுபலகையை இகுவோடாலாவும் கிரீனும் டேவிட் வெஸ்டும் மாறி மாறிப் பிடித்தார்கள். 129-83. எதிரணியில் சிலருக்கு இது அவமதிப்பாகப் பட்டது, அதையும் தவறு என்று சொல்ல மாட்டேன்.

சாதாரண ஆட்டக்காரர்தான் நல்ல பயிற்சியாளர் ஆவார் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய நட்சத்திரங்களையே பாருங்கள்: பில் ரஸ்ஸல் ஆடிக்கொண்டே பயிற்சியாளராக இருந்து இரண்டு கோப்பை வாங்கினார். லாரி பேர்ட் முதல் வருடமே ஆண்டின் சிறந்த பயிற்சியாளர். மேஜிக் ஜான்சன் பயிற்சியாளர் வேலையை 16 ஆட்டத்தோடு விட்டுவிட்டார். இதில் சூத்திரம் எதுவும் இல்லை. கெர்ருக்குப் பெஞ்ச் உதவியது, அவ்வளவுதான். உங்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன், ஏனென்றால் அந்தப் பையன் கேட்டது என்னவென்று உங்கள் பள்ளியில் வேறு யாரையும்விட உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும்.

அவனிடம் 'பொறுமையாக இரு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது உங்களுக்கும் சொல்லப்பட்டிருக்கும், எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். அடுத்த ஆட்டத்தில் எந்த நேரத்தில், யாருக்குப் பதிலாக, எதற்காக அவனை இறக்குவீர்கள் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிடமானாலும் சரி, சொன்ன நேரத்தில் இறக்குங்கள். அந்த 2003 ஆட்டத்தின் நான்காவது குவாட்டரை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்.