ஜிபிஎஸ் கருவியின் பேட்டரி நண்பகலுக்குள் தீர்ந்துவிடுகிறதா?

கேள்வி: பறவைகளைக் கணக்கெடுக்கும் குழுவினருடன் வால்பாறைப் பக்கத்துக் காடுகளுக்கு அடிக்கடி செல்கிறேன். 2 டபுள் ஏ பேட்டரிகளில் இயங்கும் பழைய கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று என்னிடம் உள்ளது. பேட்டரி 20 மணி நேரம் வரும் என்கிறது கையேடு. ஆனால் ரீசார்ஜபிள் பேட்டரிகளைப் போட்டால் நண்பகலுக்குள் தீர்ந்துவிட்டதாகக் காட்டுகிறது. காட்டுக்குள் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கவும் வெகு நேரமாகிறது. தேதியும் பல ஆண்டுகள் பின்தங்கி வருகிறது. கருவியை மாற்றிவிடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். முதலில் செட்டிங்கில் பேட்டரியின் வகை என்னவென்று குறிக்கப்பட்டிருக்கிறது எனப் பாருங்கள். புதிய ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜபிள் பேட்டரியோ 1.2 வோல்ட்டை ஒட்டியே நெடுநேரம் நின்று கடைசியில் சட்டென்று விழும். மின்னழுத்தத்தை வைத்தே கருவி மீதியைக் கணிப்பதால், ஆல்கலைன் என்று குறித்திருந்தால் பாதிக்கு மேல் சார்ஜ் உள்ள பேட்டரியையும் தீரப்போகிறது என்றே அது காட்டும். நல்ல பேட்டரிகளை இப்படித்தான் பலர் வீணாகக் கழற்றிவிடுகிறார்கள்.

இருப்பிடம் தாமதமாவதற்குக் காரணம் காடுதான். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னல் தரையை எட்டும்போதே மிகவும் நலிந்திருக்கும். நனைந்த இலைக்கூரை அதை மேலும் மங்கச் செய்யும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. இடையில் சிக்னல் அறுந்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இந்தத் தேடலின்போது கருவி ஓய்வின்றி உழைப்பதால் பேட்டரியும் கரைகிறது. ஆகவே காட்டுக்குள் நுழையுமுன், வானம் திறந்து தெரியும் சாலையோரத்தில் கருவியை இயக்கிச் சில நிமிடம் அசையாமல் வைத்திருங்கள்; பல மாதம் எடுக்காமல் வைத்திருந்ததென்றால் கால் மணி நேரமாவது கொடுங்கள். அப்போது பெற்ற பாதை விவரம் ஏறத்தாழ 4 மணி நேரம் செல்லுபடியாகும் என்பதால், உணவு இடைவேளையில் கருவியை அணைத்து வைத்தாலும் மறுபடி இருப்பிடம் விரைவில் கிடைக்கும்.

திரையின் பின்னொளியை 15 நொடியில் அணையும்படி வையுங்கள். என் அனுபவத்தில் அதிகம் மிச்சமாவது இதில்தான். மின்னணுத் திசைகாட்டி இருந்தால் அதையும் நிறுத்திவிடலாம், நடக்கும்போது ஜிபிஎஸ்ஸே திசையைச் சொல்லிவிடும். மெனுவில் ‘வாஸ்’ என்று இருக்கும் துல்லியத் திருத்த வசதியும் உங்கள் வேலைக்குத் தேவையில்லை.

தேதியைப் பொறுத்தவரை, ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். அப்படி ஒரு சுற்று 2019 ஏப்ரல் 6 அன்று முடிந்தது. உங்கள் கருவி 19 ஆண்டும் சில மாதங்களும் பின்தங்கிக் காட்டினால் காரணம் இதுவே. இருப்பிடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் கணக்கெடுப்புத் தாளில் தேதியைக் கைக்கடிகாரத்தைப் பார்த்தே எழுதுங்கள். தயாரிப்பாளர் மென்பொருள் திருத்தம் வெளியிட்டிருந்தால் ஏற்றிக்கொள்ளலாம்.

மார்கழிக் குளிரில் ஆல்கலைன் பேட்டரிகள் சோர்ந்துபோகும்; மாற்றுப் பேட்டரிகளைச் சட்டையின் உட்பையில் உடற்சூட்டோடு வைத்திருங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். ஊர் திரும்பியதும் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வெறுங்கையால் தொடாமல், வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மறுபடி பேட்டரி போடுங்கள்.