44 வயதில் சி.என்.சி.: 45,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: கோவை கணபதியில், பம்ப் ஷாப்டும் மோட்டார் பாகங்களும் கடைந்து தரும் ஜாப் ஆர்டர் பட்டறையில் டர்னராக வேலை செய்கிறேன். வயது 44. பத்தாவது முடித்து, 1998இல் ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் தேறினேன். அன்று முதல் கையால் ஓட்டும் சாதா லேத்துதான். முதலாளி அடுத்த மாதம், கணினிக் கட்டளைப்படி தானே கடையும் சி.என்.சி. இயந்திரம் ஒன்றை இறக்கப்போகிறார். டிப்ளமோ படித்த 22 வயதுப் பையன் ஒருவனை அதற்காக ஏற்கெனவே சேர்த்துவிட்டார். ஒரு தனியார் மையத்தில் விசாரித்தேன். ஞாயிறுதோறும் 4 மணி நேரம், 3 மாதம், கட்டணம் 45,000 ரூபாய், ‘நூறு சதவீதம் வேலை உறுதி’ என்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்தபோது 20 பேருக்கு ஒரு இயந்திரம் இருந்தது. சேரலாமா? இல்லை, டிப்ளமோவே படித்துவிடலாமா? ஐ.டி.ஐ. பக்கமே போகாமல் பட்டறையில் தொழில் கற்ற என் மச்சானுக்கும், வீட்டில் தையல் வேலை செய்யும் என் மனைவிக்கும் ஏதாவது வழி உண்டா?

பதில்: அந்த 45,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். மையம் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது; ஆனால் நீங்களே கொடுத்திருக்கும் கணக்கு போதும். 13 ஞாயிறு, நாளுக்கு 4 மணி, ஆக 52 மணி நேரம். அதை 20 பேருக்குப் பங்கிட்டால் உங்கள் கை இயந்திரத்தில் படுவது 2 மணி 36 நிமிடம். மணிக்கு 17,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மீதி நேரமெல்லாம் மற்றவர் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் நேரம். அடுத்த மாதம் உங்கள் பட்டறைக்கே ஓர் இயந்திரம் வருகிறது என்ற நிலையில், இதற்கு ஏன் பணம்?

‘வேலை உறுதி’ என்பதும் உங்களுக்கு வேண்டாத சரக்கு. உங்களுக்கு வேலை இருக்கிறது. அந்த உறுதியின் பேரில் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாக வரும் ஆபரேட்டர் வேலை. பீஸை மாட்டு, கதவைச் சாத்து, பச்சைப் பட்டனை அழுத்து, கழற்று, கேஜ் போட்டுப் பார். மூன்று நாளில் பழகிவிடலாம். மூன்று நாளில் பழகக்கூடிய வேலைக்கு முதலாளியும் அந்த அளவுக்குத்தான் சம்பளம் தருவார். பெரிய ஆலைகளில் அந்த மாட்டிக் கழற்றும் வேலைக்கு இயந்திரக் கையே வந்துவிட்டது. பலரும் ‘சி.என்.சி. தெரியும்’ என்று சொல்வது இந்த அடிப்படியைத்தான். அதற்கு மேலே இருப்பவர் செட்டர்: புது ஜாப் வந்தால், பீஸைப் பிடிக்கும் சக்கின் ஜாவைக் கடைந்து சரிசெய்து, டூல் மாட்டி, ஆஃப்செட் (டூல் முனை எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் அளவு) எடுத்து, முதல் பீஸை அளவுக்குக் கொண்டுவருகிறவர். அவருக்கும் மேலே புரோகிராம் எழுதுகிறவர். நீங்கள் குறிவைக்க வேண்டியது செட்டர் இடத்தை. உங்கள் 25 ஆண்டு அனுபவத்துக்கு முழு விலை கிடைப்பது அங்கேதான்.

காரணம் சொல்கிறேன். பீஸ் அதிரும்போது வரும் சத்தத்தை வைத்தே டூல் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கிறதா, ஃபீட் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) கூடிவிட்டதா என்று உங்களுக்குத் தெரியும். மெல்லிய புஷ்ஷை இறுக்கிப் பிடித்தால் சக்கில் வட்டமாக இருப்பது கழற்றியதும் கோணும் என்பது தெரியும். டிராயிங்கில் 30 கே6 (விட்டமும் அதன் அளவு வரம்புக் குறியும்) என்று பார்த்தால் அது பேரிங் உட்காரும் இடம், 30.002 முதல் 30.015 மி.மீ. வரை இருக்கலாம் என்று அட்டவணையைப் புரட்டியாவது சொல்வீர்கள். இவற்றை அந்த 22 வயதுப் பையனுக்குக் கற்றுக்கொடுக்க ஆண்டுகள் ஆகும். அவனிடமிருந்து நீங்கள் கற்கவேண்டியது சில வாரப் பாடம்.

அந்தச் சில வாரப் பாடத்தில், சாதா லேத்துக்காரர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, விட்டம். சி.என்.சி. லேத்தில், டூல் குறுக்கே நகரும் எக்ஸ் அச்சின் அளவை விட்டமாகவே கொடுப்பது வழக்கம். பீஸ் 30.05 வந்திருக்கிறது, 30.01 வேண்டும் என்றால் தேய்மான ஆஃப்செட்டில் (டூல் தேய்வதற்கு ஏற்பப் போடும் திருத்தத்தில்) கழித்தல் 0.04 போடவேண்டும். ஆரத்தைக் காட்டும் டயலில் பழகிய கை, தன்னையறியாமல் அதைப் பாதியாக்கி 0.02 போடும். பீஸ் இன்னும் பெரிதாகவே வரும். ‘இயந்திரம் சரியில்லை’ என்று பழி இயந்திரத்தின் மேல் போகும்.

இரண்டாவது, தசமப் புள்ளி. இதுதான் ஆபத்தானது. ஃபனுக் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றில், எக்ஸ்30 என்று புள்ளி வைக்காமல் அடித்தால் அது 30 மில்லிமீட்டர் அல்ல, 30 மைக்ரான். அதாவது 0.030 மி.மீ. டூல் நேராகப் பீஸின் நடுமையத்தை நோக்கிப் பாயும். அந்த அமைப்பை மாற்றிவைக்க முடியும், உங்கள் இயந்திரத்தில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் புள்ளி வைத்தே பழகுங்கள்.

மூன்றாவது, வேகம். உங்கள் லேத்தில் கியரை மாற்றி ஒரு வேகத்தில் வைத்தால் அது அப்படியே ஓடும். இங்கே ஜி96 என்று ஒரு கட்டளை இருக்கிறது. வெட்டுவேகம் மாறாமல் இருக்கச் சுழல்வேகத்தை இயந்திரமே மாற்றிக்கொள்ளும். நிமிடத்துக்கு 180 மீட்டர் என்று கொடுத்தால் 50 மி.மீ. விட்டத்தில் சுமார் 1,146 சுற்று. முகப்பு வெட்டிக்கொண்டு 20 மி.மீ.க்கு வரும்போது 2,865 சுற்று. நடுமையத்தை நெருங்க நெருங்க இயந்திரத்தின் உச்சவேகம் வரை ஏறும். சக்கில் இருப்பது ஒரு பக்கம் கனத்த வார்ப்பு என்று வையுங்கள். வேகம் ஏறினால் ஜாவின் பிடி தளரும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதனால்தான் ஜி50 போட்டு, ‘இத்தனை சுற்றுக்கு மேல் போகாதே’ என்று முன்பே கட்டிவைக்கிறார்கள். புரோகிராம் எழுதத் தெரியாவிட்டாலும், அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பட்டனைத் தொடவேண்டும்.

நான்காவது, டூல். நீங்கள் கையால் தீட்டிய ஹைஸ்பீடு டூலுக்குப் பதில் இங்கே இன்செர்ட், அதாவது கழற்றி மாற்றும் வெட்டுமுனை. அதன் பெட்டியில் சி.என்.எம்.ஜி. 120408 என்பதுபோல் இருக்கும். கடைசி 08 என்பது மூக்கின் ஆரம், 0.8 மி.மீ. அதே ஃபீட்டில் 0.4 மூக்கைப் போட்டால், கணக்குப்படி மேற்பரப்பின் வரிப்பள்ளம் இரண்டு மடங்காகும். ஏற்கெனவே கையால் ஆரம் வைத்துத் தீட்டியவருக்கு இதன் பொருள் உடனே விளங்கும். படித்துவிட்டு வந்த பையனுக்கு இது வெறும் எண்.

ஜி00, ஜி01, ஜி02, ஜி03, எம்03, எம்30 என்று புழக்கத்தில் இருக்கும் கட்டளைகள் ஒரு நோட்டின் நான்கு பக்கத்துக்குள் அடங்கும். கைப்பேசியிலேயே இலவசமாகப் பயிற்சி எடுக்கும் செயலிகள் இருக்கின்றன. சென்னை கிண்டியில் உள்ள நிமி என்ற மத்திய அரசு நிறுவனம் ஐ.டி.ஐ. பாடப்புத்தகங்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. இன்றைய டர்னர் பாடத்திட்டத்தின் இரண்டாம் ஆண்டில் சி.என்.சி. இருக்கிறது; அந்தப் பகுதியை மட்டும் வாங்கிப் படியுங்கள். செலவு சில நூறு ரூபாய்.

இனி அடுத்த மாதத்துக்கு வருவோம். இயந்திரம் விற்பவர்கள், அதை நிறுவிக் கொடுக்கும்போது வாங்குபவரின் ஆட்களுக்குச் சில நாள் பயிற்சியும் தருவது வழக்கம். பெரும்பாலும் விலையிலேயே அது அடங்கியிருக்கும். அந்தப் பயிற்சியில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி முதலாளியிடம் இந்த வாரமே கேளுங்கள். இயந்திரம் வந்து, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்த பிறகு கேட்டால் பிந்திவிடும். அந்த நாற்காலியில் பையன் உட்கார்ந்திருப்பான். ‘எனக்கும் சொல்லிக்கொடுங்கள்’ என்று கெஞ்சும் தொனி வேண்டாம். ‘புது இயந்திரத்தில் முதல் மாதம் கழிவு பீஸ் அதிகம் விழும், நான் பக்கத்தில் இருந்தால் குறையும்’ என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட, எந்த முதலாளிக்கும் கழிவுக் கணக்கு சட்டென்று உறைக்கும். ஆறு மாதத்தில் தனியாக செட்டிங் எடுக்கிறேன், அப்போது சம்பளத்தைப் பேசிக்கொள்ளலாம் என்பதையும் அதே உரையாடலில் போட்டுவையுங்கள். பிறகு நினைவூட்ட ஒரு பிடி வேண்டும்.

அந்தப் பையனைப் பற்றி. உங்கள் கடிதத்தில் அவனைப் பற்றிய வரியில்தான் கொஞ்சம் கசப்பு தெரிந்தது. பயிற்சியாளனாக நான் பார்த்தவரை, நடுவயதில் மறுபடி கற்க வருகிறவர்கள் பாதியில் நிற்பது பாடம் புரியாமல் அல்ல. மகன் வயதுப் பையன் முன்னால் தவறாகப் பட்டன் அழுத்துவதற்குக் கூச்சப்பட்டு. இதற்கு நான் கண்ட வழி பண்டமாற்றுதான். முதல் வாரமே அவனுக்கு, துளையை உள்ளே கடையும் போரிங் பாரின் அதிர்வை எப்படி அடக்குவது என்று காட்டிக்கொடுங்கள். அவன் ஆஃப்செட் பக்கத்தைக் காட்டுவான். ‘தம்பி, இதை இன்னொரு தரம் சொல்லு’ என்று கேட்பதில் உங்கள் 25 ஆண்டு ஒன்றும் கரைந்துவிடாது.

இன்னொன்று, சிரிக்காதீர்கள்: கண்ணைச் சோதித்தீர்களா? நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயல்பு. லேத்தில் கை பழக்கத்திலேயே பாதி வேலை நடந்துவிடும், அதனால் தெரியாது. திரையில் புள்ளிக்கும் வெறும் இடத்துக்கும் வித்தியாசம் பார்க்கவேண்டியிருக்கும்போதுதான் தெரியும். என்னிடம் வந்த ஒருவர் இரண்டு வாரம் ‘மண்டையில் ஏறவில்லை’ என்று திணறினார்; படிக்கும் கண்ணாடி போட்ட மறுநாள் ஏறிவிட்டது.

மின்சார வாகனம் வந்தால் கடைசல் தொழிலே போய்விடுமோ என்று பலர் கேட்கிறார்கள். இன்ஜின் பாகங்களை மட்டும் நம்பியிருக்கும் பட்டறைகளுக்கு அந்தக் கவலை நியாயமானது. பம்புக்கும் மோட்டாருக்கும் ஷாப்ட் வேண்டியிருக்கும் வரை உங்கள் பட்டறைக்கு அது முதல் கவலை அல்ல.

டிப்ளமோ: ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது உண்மை. ஆனால் முழுநேரமாக இரண்டு ஆண்டு சம்பளத்தை விட்டுப் படித்து, 46 வயதில் டிப்ளமோக்காரராக வெளியே வந்தால், நீங்கள் போட்டியிடப்போவது மறுபடியும் 22 வயதுக்காரர்களோடு. சூப்பர்வைசர் பதவிக்கு அது கட்டாயம் என்று ஏதாவது ஆலை எழுத்தில் சொன்னால் ஒழிய, நான் பரிந்துரைக்கமாட்டேன். பிரதமர் கௌசல் விகாஸ் திட்டத்தில், ஏற்கெனவே உள்ள திறமையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் பிரிவு ஒன்று உண்டு. ஐ.டி.ஐ.யில் தேறித் தேசியத் தொழிற்சான்றிதழே கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அதனால் கூடுதலாக ஒன்றும் வராது.

முறையாக ஒரு வகுப்பில் உட்காரவேண்டும் என்று தோன்றினால், முதலில் கோவை அரசு ஐ.டி.ஐ.க்குப் போய் விசாரியுங்கள். டாடா டெக்னாலஜிஸ் உடன் சேர்ந்து தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் ‘தொழில் 4.0’ மையங்களாக மாற்றியிருக்கிறது. புதுத் தலைமுறை சி.என்.சி. இயந்திரங்கள் அங்கே வந்திருக்கின்றன. குறுகிய காலப் பயிற்சிகளும் அந்தத் திட்டத்தில் அடக்கம். போனால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான், தனியார் மையத்திலும் அதையே கேட்டிருக்கவேண்டும்: ‘ஒருவருக்கு எத்தனை மணி நேரம் இயந்திரம் கிடைக்கும்?’

உங்கள் மச்சானுக்கு வழி இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாத வழி. பட்டறையில் மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், ஐ.டி.ஐ. வகுப்புக்கே போகாமல், அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். எழுத்துத் தேர்வும் செய்முறையும் உண்டு. தேறினால் உங்களிடம் இருக்கும் அதே தேசியத் தொழிற்சான்றிதழ். ஆண்டுதோறும் மாவட்ட நாளிதழ் பக்கங்களில் ஓர் ஓரத்தில் அறிவிப்பு வரும். கண்ணில் படாமல் போய்விடும் என்பதால் அரசு ஐ.டி.ஐ. அலுவலகத்தில் இப்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள். முதலாளியிடம் வாங்கவேண்டிய அனுபவச் சான்றுதான் இழுத்தடிக்கும் காகிதம். அதை முதலில் வாங்கட்டும்.

உங்கள் மனைவிக்கும் வழி இருக்கிறது. தமிழக ஐ.டி.ஐ.களில் ஆண்களுக்கு 40 வயது வரைதான் சேர்க்கை. பெண்களுக்கு உச்சவரம்பே இல்லை. அவர் எதுவரை படித்திருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும், மற்றவற்றுக்குப் பத்தாவது வேண்டும். அரசு ஐ.டி.ஐ.க்கு நீங்கள் விசாரிக்கப் போகிற அன்று அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும்.